அஞ்சற் கோப்புறையின் சிதைவும் காப்பும்: சேர்வராயன் மலைக் கள ஆய்வை முன்னிறுத்திய ஒரு விளக்கம்

1. தோற்றுவாய்

சேலம் நகருக்கு வடக்கே எழுந்து நிற்கும் சேர்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தது. அதன்கண் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஏற்காடு, கோடைக்கு உகந்த ஊர் என்ற அளவிலேயே பலராலும் அறியப்பட்டுள்ளது. தமிழாராய்ச்சியாளர்க்கோ அம்மலை வேறொரு வகையிற் சிறப்புடையது. அங்குள்ள சிற்றூர்களில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர், தம் பெயரால் மலையாள மொழியினரோ என்னும் ஐயத்தை எழுப்புவரேனும், பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தவர் என்றும், உடன்பிறந்தார் மூவரின் வழியினரே சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினர் என்றும் அவர்களிடையே ஒரு மரபுக்கதை வழங்குகின்றது. அக்கதை 1883-இல் வெளிவந்த லெஃபானுவின் சேலம் மாவட்டக் கையேட்டிலும், 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளிலும் இடம்பெற்றுள்ளது. அச்சேறிய அவ்வடிவத்தினின்றும் ஊருக்கு ஊர், குடும்பத்திற்குக் குடும்பம் வேறுபடும் வாய்மொழி வடிவங்களைத் தொகுப்பதே இன்று கள ஆய்வாளர் முன் நிற்கும் பணியாகும்.

அப்பணியில் மின்னஞ்சலுக்கு உள்ள இடத்தை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. நாகலூரில் ஒரு முதியவர் கூறக் கேட்ட கதையை மாணவர் அன்றிரவே எழுதித் துறைக்கு அனுப்புகின்றார். மஞ்சக்குட்டையில் தொகுத்த உறவுமுறைச் சொற்களை மற்றொருவர் அனுப்புகின்றார். நாளும் நேரமும் தாங்கிய அக்கடிதங்களே பின்னர் எழுதப்படும் ஆய்வேட்டிற்கு முதற்சான்று. சொல்லிய முதியவர் மறு ஆண்டு இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் அக்கடிதம் அழியுமாயின் அழிவது ஒரு கடிதமன்று, ஒரு பாடமாகும்.

இத்தகைய கடிதங்கள் பகைவராலோ நோய்நிரல்களாலோ அழிவதினும், இரு கணினிகள் ஒரே காலத்தில் ஒரே கோப்பில் எழுதுவதனால் அழிவதே நாம் அறியாது நிகழும் கேடாகும். அஃது எவ்வாறு நிகழ்கின்றது, அதற்கென அமைந்த பூட்டு ஏன் வலையமைப்பிற் பொய்க்கின்றது, அதனைத் தவிர்க்கும் நெறி யாது என்னும் மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. கோப்புறையின் அமைப்பு

கணினித் திரையில் நாம் ‘கோப்புறை’ என்று காண்பது பல கடிதங்களை இட்டுவைத்த ஓர் உறை போலத் தோன்றும். ஆயின் பழைமையும் பரவலும் மிக்க ஓர் அமைப்பில் அஃது உறையே அன்று. ஒரே நீண்ட கோப்பாகும். யுனிக்ஸ் இயங்குதளத்தின் தொடக்க காலத்தில் தோன்றிய அவ்வமைப்பிற்கு எம்பாக்ஸ் என்று பெயர். வந்த கடிதங்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக அக்கோப்பின் இறுதியிற் சேர்க்கப்படும். ஒரு கடிதம் முடிந்து மற்றொன்று தொடங்குவதைக் காட்டும் அடையாளம், வரியின் தலையில் நிற்கும் ‘ஃப்ரம்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதனை அடுத்த ஓர் இடைவெளியுமே.

சுவடிப் பதிப்பில் பயிற்சி உடையோர்க்கு இவ்வமைப்பின் இடர் உடனே புலனாகும். ஏட்டில் அடி பிரிக்காது, செய்யுளுக்குச் செய்யுள் இடம் விடாது எழுதிச் செல்லும் வழக்கினால், ஒரு பாட்டு எங்கே முடிகின்றது என்று தேர்தலே பதிப்பாசிரியரின் முதற் சிக்கலாக இருந்தது. எம்பாக்ஸ் கோப்பும் அத்தகையதே. எல்லைக்குறி ஒன்று சிதையின் இரு கடிதங்கள் ஒன்றாகும். கடிதத்தின் உள்ளேயே ஒரு வரி அச்சொல்லால் தொடங்குமாயின் ஒரு கடிதம் இரண்டாகும். இதனைத் தவிர்க்கப் பல மென்பொருள்கள் அவ்வரியின் முன் ஒரு கூர்ங்குறியைச் செருகிவிடும். எழுதியவர் இடாத குறி அதனாற் பாடத்தில் ஏறிவிடுகின்றது. இதனையும் ஒரு சிறு இடைச்செருகல் என்றே கொள்ளல் வேண்டும்.

3. சிதைவின் வகை

ஒரே கணினியில் ஒரே மென்பொருள் மட்டும் இக்கோப்பைக் கையாளும் வரை பெரும்பாலும் தீங்கில்லை. இருவர் கை வைக்கும்போதுதான் சிதைவு தொடங்குகின்றது. அது மூவகைப்படும்.

முதலாவது, கலப்பு. கோப்பின் நீளம் பத்து லட்சம் பைட்டு எனக் கொள்க. நாகலூர்க் கடிதம் 6,000 பைட்டு. மஞ்சக்குட்டைக் கடிதம் 4,000 பைட்டு. இரண்டையும் இரு கணினிகள் ஒரே காலத்தில் கோப்பிற் சேர்க்க முற்படுகின்றன. இரண்டும் கோப்பின் முடிவு பத்து லட்சமாவது பைட்டு என்றே அறிந்துள்ளன. எனவே இரண்டும் அவ்விடத்திலிருந்தே எழுதுகின்றன. நாகலூர்க் கடிதம் முன்னும் மஞ்சக்குட்டைக் கடிதம் பின்னும் எழுதப்படின், முதல் 4,000 பைட்டில் மஞ்சக்குட்டைக் கடிதமும், எஞ்சிய 2,000 பைட்டில் நாகலூர்க் கடிதத்தின் வாலும் நிற்கும். உறவுமுறைச் சொற்பட்டியலாகத் தொடங்கியது காஞ்சியினின்று வந்த உடன்பிறந்தார் கதையின் இறுதியாக முடியும். பின்னாளில் அதனைக் காண்பவர் ஒருவரே இரண்டையும் கூறினார் என்று மயங்கவும் கூடும்.

இரண்டாவது, குறைவு. வேண்டாத கடிதங்களை நீக்கும்போது மென்பொருள் கோப்பு முழுவதையும் புதிதாக எழுதுகின்றது. பழைய கோப்பைப் படித்து, நீக்கத்தக்கவற்றை விடுத்து, எஞ்சியவற்றைப் புதுக்கோப்பில் எழுதி, முடிவிற் பழையதன் இடத்திற் புதியதை வைக்கின்றது. இப்பணி நடந்துகொண்டிருக்கையில் புதிய கடிதம் ஒன்று பழைய கோப்பின் இறுதியில் வந்து சேருமாயின், பழைய கோப்பு மறையும்போது அக்கடிதமும் உடன் மறையும். எவ்வகைப் பிழைச்செய்தியும் தோன்றாது. அனுப்பியவர் சென்றது என்பர். பெறுபவர் வரவில்லை என்பர். இருவரும் உண்மையே கூறுவர்.

மூன்றாவது, வெறுமை. ஒரு கணினி கோப்பின் நீளத்தைக் கூட்டிவிட்டு, எழுத்துகளைச் சேமிப்பகத்திற்கு இன்னும் அனுப்பாத நிலையில் மற்றொரு கணினி படிக்க நேரின், அவ்விடத்தில் சுழியப் பைட்டுகளே காணப்படும். செல்லரித்த ஏட்டின் வெற்றிடம் போன்றது அது. அவ்வெற்றிடத்தோடு கண்டதையே மற்றக் கணினி மீண்டும் எழுதிவைக்குமாயின் குறை நிலைபெற்றுவிடும்.

தமிழ்க் கடிதங்கட்கு இச்சிதைவு மிகுதியும் கொடிது. ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். ‘மலை’ என்னும் ஈரெழுத்துச் சொல், ஐகாரக் குறி தனிக் குறியீடாதலின், 9 பைட்டு கொள்ளும். இப்பைட்டுகளை மின்னஞ்சல் நேரே தாங்கிச் செல்லின் ஒன்றிரண்டு கெட்டாலும் ஓரிரு எழுத்தே கெடும். அடுத்த எழுத்து எங்கே தொடங்குகின்றது என்பதனைக் குறியீடே காட்டிவிடும். ஆயின் பல கடிதங்கள் பேஸ்-64 என்னும் முறையில், 3 பைட்டை 4 ஆங்கில எழுத்தாக மாற்றிய வடிவிற் செல்கின்றன. அவ்வடிவில் நடுவே ஓரெழுத்து விடுபடின் அதன் பின் உள்ள கூட்டம் யாவும் இடம் பெயர்ந்து, படிக்க இயலாத குப்பையாகிவிடும்.

4. பூட்டு என்னும் உடன்பாடு

இக்கேட்டினைத் தடுக்க அமைந்ததே கோப்புப் பூட்டு. எழுதப் புகும் மென்பொருள் முதலிற் பூட்டைப் பெறும். எழுதி முடித்தபின் விடும். இடையில் வருவது காத்திருக்கும். கேட்பதற்கு எளிது. ஆயின் இப்பூட்டின் இயல்பை அறிதல் வேண்டும்.

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இப்பூட்டு கதவில் இட்ட பூட்டன்று; பெரும்பாலும் ஓர் உடன்பாடே. பூட்டு உள்ளதா என்று கேட்கும் மென்பொருளை மட்டுமே அது தடுக்கும். கேளாது எழுதும் மென்பொருளைத் தடுக்காது. கோவில் மண்டபத்தில் ஒருவர் படியெடுக்கும்போது ஏட்டின்மேல் ஒரு பூவை வைத்து, ‘பூ இருக்கும்வரை எவரும் தொடற்க’ என்று உடன்பட்டது போன்றது இது. உடன்பாட்டை அறியாத வெளியூரார் பூவை ஒதுக்கிவிட்டு ஏட்டை எடுத்துச் செல்வர்.

அன்றியும் உடன்பாடு ஒன்றாக இல்லை. மூவகைப் பூட்டுகள் வழக்கில் உள்ளன. கோப்பின் பெயரோடு ‘லாக்’ என்னும் ஈறு சேர்த்த வேறொரு சிறு கோப்பை அருகில் உண்டாக்கிப் பூட்டின் அடையாளமாகக் கொள்வது ஒன்று; இதனைப் புள்ளிப்பூட்டு என்பர். 1983-இல் வெளிவந்த 4.2 பி.எஸ்.டி. இயங்குதளம் தந்த எஃப்லாக் என்பது மற்றொன்று. போசிக்ஸ் தரப்பாடு கூறும் எஃப்சி.என்.டி.எல். என்பது மூன்றாவது. அஞ்சலைக் கொணர்ந்து சேர்க்கும் மென்பொருள் ஒரு வகையையும், அதனைப் படிக்கும் மென்பொருள் வேறொரு வகையையும் கையாளுமாயின், இரண்டும் முறையாகப் பூட்டியும் ஒன்றையொன்று அறியா. இரண்டு வகைகளையும் சேர்த்துக் கையாளும்போது வரிசை மாறினாலோ, ஒன்று மற்றதன் பூட்டுக்கும் மற்றது இதன் பூட்டுக்கும் காத்து இரண்டும் அசையாது நின்றுவிடும். ஆதலின் ஒரே கோப்பைத் தொடும் எல்லா மென்பொருள்களும் ஒரே வகைப் பூட்டை, ஒரே வரிசையிற் கொள்ளுமாறு அமைத்தல் முதற் கடமை என்க.

5. வலையமைப்பிற் பூட்டு பொய்க்குமாறு

இதுகாறும் கூறியது ஒரே கணினியினுள் நிகழ்வது. கோப்பு வேறோரிடத்துச் சேமிப்பகத்தில் இருக்கப் பல கணினிகள் வலையமைப்பின் வழியே அதனைத் தொடும்போது சிக்கல் பெருகுகின்றது. சேலத்தில் ஒரு துறையின் சேமிப்பகத்தில் அஞ்சற்கோப்பு உள்ளது எனவும், அதனைத் துறையின் கணினியும், மலைப்பாதையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ஏற்காட்டில் தங்கியுள்ள ஆய்வாளரின் மடிக்கணினியும் ஒருங்கே திறந்துள்ளன எனவும் கொள்க.

இவ்வாறு கோப்புகளைப் பகிர்வதற்கு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் அமைத்த என்.எஃப்.எஸ். என்னும் நெறிமுறை இன்றும் பெருவழக்காக உள்ளது. அதன் 2, 3 ஆகிய பதிப்புகளிற் பூட்டு நெறிமுறையின் உறுப்பன்று. தனியே இயங்கும் வேறொரு துணை நெறிமுறையைச் சார்ந்தது. அத்துணை இயங்காவிடின், அல்லது ‘பூட்டு வேண்டா’ என்னும் விருப்பத்தோடு சேமிப்பகம் இணைக்கப்பட்டிருப்பின், ஒவ்வொரு கணினியும் தன்னுள்ளே மட்டும் பூட்டிக்கொள்ளும். மற்றக் கணினி அதனை அறியாது. லினக்ஸ் இயங்குதளத்தில் 2.6.12-ஆம் கருநிரலுக்கு முன்பு, எஃப்லாக் என்னும் பூட்டு என்.எஃப்.எஸ். வழியே பிற கணினிகட்குச் சென்றதே இல்லை. புள்ளிப்பூட்டும் பழைய பதிப்பில் உறுதியன்று. ‘இல்லையேல் மட்டும் உண்டாக்குக’ என்னும் கட்டளையை 2-ஆம் பதிப்பு பிரிவுபடாத ஒரே செயலாகச் செய்ய அறியாது. இருவர் ஒரே நொடியில் உண்டாக்கி, இருவரும் தமக்கே பூட்டுக் கிடைத்தது என்று எண்ணுவர்.

இரண்டாவது காரணம் நினைவிற் கொண்ட படி. ஒவ்வொரு முறையும் சேமிப்பகத்தைக் கேட்பது காலம் பிடிக்குமாதலின், கணினி தான் முன்பு அறிந்த கோப்பின் நீளம் முதலியவற்றைச் சிறிது நேரம் தன் நினைவிலேயே வைத்துக்கொள்கின்றது. லினக்ஸில் இயல்பாக இக்காலம் 3 நொடி முதல் 60 நொடி வரை ஆகும். அதற்குள் மற்றொரு கணினி எழுதியது இதற்குத் தெரியாது. அன்றியும் ‘இறுதியிற் சேர்க்க’ என்னும் ஒரு செயல் என்.எஃப்.எஸ். நெறிமுறையில் இல்லை. முடிவு எதுவென்று தானே கணக்கிட்டு, அவ்விடத்தில் எழுதுமாறு கணினி கேட்கின்றது. மேலே கூறிய கலப்பு நிகழ்வதற்கு இஃதொன்றே போதும்.

மூன்றாவது காரணம் இணைப்பு அறுபடுதல். 2000-இல் முதலில் வரையறுக்கப்பட்ட என்.எஃப்.எஸ். 4-ஆம் பதிப்பில் பூட்டு நெறிமுறையின் உறுப்பாயிற்று. அங்குப் பூட்டு குத்தகை போன்றது. குறித்த காலத்திற்குள் கணினி அதனைப் புதுப்பித்துக்கொண்டிருத்தல் வேண்டும். இடிமழையால் மலையில் இணைப்பு அறுந்து குத்தகை கழியின் சேமிப்பகம் பூட்டைப் பறித்துப் பிறர்க்கு அளிக்கலாம். இணைப்பு மீண்டபின், தன் பூட்டு இன்னும் தன்னிடமே உள்ளதென்று கருதும் மென்பொருள் எழுத முற்படின் விளைவு தீதாகும். புள்ளிப்பூட்டிலோ இதற்கு மறுதலையான இடர் உண்டு. பூட்டிய கணினி நடுவே அணைந்துவிடின் பூட்டுக்கோப்பு அங்கேயே கிடக்கும். அது சில நிமிடங்கட்கு மேல் பழையதாயின் தள்ளிவிடலாம் என்பது மென்பொருள்களின் வழக்கம். இரு கணினிகளின் கடிகாரம் ஒத்திராவிடின், இப்பொழுது இட்ட பூட்டே பழம்பூட்டாகத் தோன்றும்.

விண்டோஸ் கணினிகள் கையாளும் எஸ்.எம்.பி. நெறிமுறையில் பூட்டு பெரும்பாலும் கட்டாயமானது. ஆயின் அதே கோப்பை ஒருவர் எஸ்.எம்.பி. வழியும் மற்றொருவர் என்.எஃப்.எஸ். வழியும் திறப்பின், ஒரு நெறிமுறையின் பூட்டை மற்றது மதிக்கும் என்பதற்கு உறுதியில்லை. நிற்க.

6. முதல் நெறி: ஒருவர் கையில் ஏடு

பூட்டைச் செம்மை செய்வதினும் பூட்டே வேண்டாத நிலையை அமைத்தலே நன்று என்பது இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும். அதற்கு வழி இரண்டு.

முதலாவது, கோப்பைத் தொடும் உரிமையை ஒருவர்க்கே அளித்தல். சுவடி நிலையத்தில் வருவோர் யாவரும் பேழையைத் திறப்பதில்லை. காப்பாளரிடம் கேட்கின்றனர், அவரே எடுத்துத் தருகின்றார், அவரே திரும்ப வைக்கின்றார். ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் என்பார் 1986-இல் வகுத்த ஐமேப் நெறிமுறை இத்தகையதே. கடிதங்கள் சேவையகத்தின் சொந்த வட்டில் இருக்கும். ஏற்காட்டு மடிக்கணினியும் சேலத்துக் கணினியும் கோப்பைத் தொடா. இக்கடிதத்தைத் தருக, இதனைப் படித்ததாகக் குறிக்க என்று சேவையகத்தைக் கேட்கும். எழுதும் கணினி ஒன்றேயாதலின் பூட்டு அக்கணினியினுள் அடங்கும். அங்கு அது நம்பத்தக்கது.

இம்முறையில் மலையில் இணைப்பு அறுந்தாலும் கோப்பிற்குக் கேடில்லை. கேட்டது கிடைக்கவில்லை என்ற அளவில் நிற்கும். புறப்பட்ட கடிதமும் உடனே அழிவதில்லை; வழியிலுள்ள அஞ்சற் சேவையகம் அதனை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். குறைந்தது 4 அல்லது 5 நாள் முயலவேண்டும் என்பது அஞ்சல் நெறிமுறையின் அறிவுரை.

இங்கு ஒரு தடை எழலாம். சேவையகத்தின் வட்டே வலையமைப்புச் சேமிப்பகமாக இருப்பின் என் செய்வது? ஐமேப் சேவையகம் ஒன்றே எனின் இடர் மிகக் குறைவு. சேவையகங்கள் பலவாயின், ஒரு பயனரின் கடிதங்களை எப்பொழுதும் ஒரே சேவையகமே கையாளுமாறு பிரித்துவிடுதல் வேண்டும். புதிய கடிதத்தைக் கொணர்ந்து இடும் பணியும் அச்சேவையகத்தின் வழியே நிகழ்தல் வேண்டும். முன்வாயிலிற் காப்பாளரை நிறுத்திப் பின்வாயிலைத் திறந்துவைத்தல் காவலாகாது.

7. இரண்டாம் நெறி: கடிதத்திற்கு ஓர் ஏடு

இரண்டாவது வழி, எழுதப்படும் பொருளையே பிரித்தல். டேனியல் பெர்ன்ஸ்டீன் என்பார் தம் கியூமெயில் என்னும் அஞ்சல் மென்பொருளோடு 1990-களின் நடுவில் அமைத்த மெயில்டிர் என்னும் முறை இதுவாகும். இதில் ஒவ்வொரு கடிதமும் தனிக்கோப்பு. கோப்புறையினுள் ‘டெம்ப்’, ‘நியூ’, ‘கர்’ என்னும் மூன்று உள்ளறைகள் உண்டு. வரும் கடிதம் முதலில் ‘டெம்ப்’ அறையில், வேறெதற்கும் இல்லாத ஒரு பெயரோடு எழுதப்படும். எழுத்து முழுவதும் வட்டில் பதிந்தது என்று உறுதிபெற்ற பின்னரே ‘நியூ’ அறைக்கு இடம் மாறும். படிக்கும் மென்பொருள் அதனைக் கண்டு ‘கர்’ அறைக்கு மாற்றும்.

இதன் நுட்பம் யாதெனின், அறை மாற்றுதல் பிரிவுபடாத ஒரே செயல் என்பதே. கடிதம் ஒன்று முழுமையாக ‘நியூ’ அறையில் இருக்கும், அல்லது இராது. அரைகுறையாக இருக்கும் நிலை இல்லை. ஏற்காட்டினின்று எழுதுகையில் இணைப்பு அறுந்தால் அரைக்கடிதம் ‘டெம்ப்’ அறையிலேயே தங்கும். படிப்போர் அவ்வறையை நோக்கார். 36 மணி நேரம் தீண்டப்படாது கிடப்பதைப் பின்னர் நீக்கிவிடலாம் என்பது வழக்கம். இருவர் ஒரே காலத்தில் எழுதினும் இரு கோப்புகளாகவே எழுதுவர். எனவே நாகலூர்க் கதையும் மஞ்சக்குட்டைச் சொற்பட்டியலும் கலக்க வழியில்லை. கடிதத்தின் உள்ளே ஆங்கிலச் சொல் எதுவரினும் எல்லைக் குழப்பமும் இல்லை; கூர்ங்குறி செருக வேண்டுவதும் இல்லை.

ஆயின் இதற்கும் வரம்பு உண்டு. கோப்பின் பெயர் தனித்ததாக அமைவது நேரம், எழுதும் செயலின் எண், கணினியின் பெயர் ஆகியவற்றைக் கோப்பதனால் ஆகும். ஒரே மூலத்தினின்று படியெடுத்து நிறுவிய இரு கணினிகட்கு ஒரே பெயர் இருக்குமாயின் அத்தனித்தன்மை குலையும். ஆதலின் கணினிகட்கு வேறுவேறு பெயரிடுதல் இன்றியமையாதது. மேலும், 2002-இல் முதலில் வெளிவந்த டவ்காட் போன்ற ஐமேப் சேவையகங்கள் விரைவு கருதி அடைவுக் கோப்புகளைத் தாமே எழுதிவைக்கின்றன. கடிதங்கள் பிரிந்திருப்பினும் அவ்வடைவு ஒன்றே. அதற்குப் பூட்டு வேண்டும். ஆகவே மெயில்டிர் முறையிலும் ஒரு பயனர்க்கு ஒரு சேவையகம் என்னும் முன்னைய நெறி கைவிடத்தக்கதன்று. வேற்றுமை ஒன்று உண்டு. இங்கு அடைவு கெட்டால் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். எம்பாக்ஸ் முறையிற் கெடுவது கடிதமே.

8. நடைமுறையிற் கொள்ளத்தக்கன

தண்டர்பேர்டு என்னும் மென்பொருள் கணினியில் வைக்கும் அஞ்சற்கோப்புறை, இயல்பாக எம்பாக்ஸ் வடிவினது, அதனருகே எம்.எஸ்.எஃப். என்னும் ஈறுடைய அடைவுக் கோப்பும் இருக்கும். அவுட்லுக் மென்பொருளின் பி.எஸ்.டி. கோப்போ கடிதம், அடைவு யாவற்றையும் ஒரே கோப்பினுள் அடக்கியது. அக்கோப்பை வலையமைப்புச் சேமிப்பகத்தில் வைத்துத் திறத்தல் தாம் ஆதரிக்கும் முறையன்று என மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவித்துள்ளது. எனவே இவ்விரு மென்பொருள்களின் கோப்புகளையும் அவ்வக்கணினியின் சொந்த வட்டிலேயே வைத்தல் வேண்டும். பலர் காணவேண்டிய கடிதங்களை ஐமேப் வழியே காணலாம்.

கோப்புகளைப் பல கணினிகளிடையே தாமே ஒத்துவைக்கும் இணையச் சேமிப்புகளில் அஞ்சற்கோப்பை இடுதலும் தவறு. அவை ஒரு கணினியின் பூட்டை மற்றதற்கு அறிவிப்பன அல்ல. இரு கணினிகளிற் கோப்பு வேறுபடின் இரண்டு படிகளை உண்டாக்கி நிறுத்திவிடும். எது மூலம், எது வழி என்று தேரும் சுமை நம்மீது விழும்.

காப்புப்படி எடுத்தல் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். மூலத்தை உடனுக்குடன் பின்பற்றும் படி காப்பாகாது. மூலத்தின் சிதைவையும் அஃது உடனே பின்பற்றும். நாள் குறித்துத் தனித்தனியே வைத்த படிகளே காப்பாகும். படியெடுக்கும் நேரத்தில் அஞ்சல் மென்பொருள் மூடியிருத்தல் வேண்டும். கடிதங்களின் எண்ணிக்கையைப் படிதோறும் குறித்துவைப்பின், குறைவு நேர்ந்த நாள் எதுவென்று பின்னர்த் தெள்ளிதின் விளங்கும்.

9. சிதைந்தபின் செய்யத்தக்கது

கோப்பு சிதைந்துள்ளது என்று அறிந்தவுடன் பலரும் செய்யும் பிழை, மென்பொருளை மீண்டும் மீண்டும் திறந்து பார்த்தலாகும். ஒவ்வொரு திறப்பிலும் அது கோப்பைத் திருத்தி எழுத முற்படலாம். முதற்கண் எல்லாக் கணினிகளிலும் மென்பொருளை மூடி, சிதைந்த கோப்பை அவ்வாறே படியெடுத்து வைத்தல் வேண்டும். திருத்தம் யாவும் அப்படியின்மேல் நிகழ்க. மூலம் தொடப்படாது நிற்க.

அடுத்து, கெட்டது அடைவோ கடிதமோ என்று காணல் வேண்டும். தண்டர்பேர்டில் எம்.எஸ்.எஃப். கோப்பை நீக்கிவிடின் மென்பொருள் புதிய அடைவை எழுதிக்கொள்ளும். பல வேளைகளில் காணாத கடிதங்கள் அதனாலேயே தோன்றிவிடும். அவ்வாறன்றிக் கடிதக் கோப்பே கெட்டிருப்பின், எல்லைக்குறிகளைத் தேடி, சுழியப் பைட்டுகள் நிற்கும் இடங்களைக் குறித்து, தலைப்புப் பகுதியோடு உடல் பொருந்துகின்றதா என்று கடிதந்தோறும் ஆராய்தல் வேண்டும். பொருந்தாத வால் எந்தக் கடிதத்தினது என்று துணிவது பதிப்பாசிரியர் பணியை ஒத்தது. அனுப்பியவரிடம் உள்ள படியோடு ஒப்பிட்டல்லது எதனையும் ஒட்டுதல் ஆகாது. தெளிவாகாத இடத்தைத் தெளிவாகாதது என்றே குறித்து வைத்தல் நேர்மையாகும்.

10. முடிவுரை

பூட்டு என்பது எழுதுவோர் அனைவரும் மதித்தாலன்றி நிற்காத உடன்பாடு. வலையமைப்பில் அவ்வுடன்பாடு காலம் தாழ்ந்து செல்லும், சில வேளை செல்லாமலே போகும். ஆதலின் ஒரே கோப்பிற் பல கணினிகள் எழுதுமாறு விட்டுவிட்டுப் பூட்டை நம்பியிருத்தல் தகாது. கோப்பை ஒரு சேவையகத்தின் கையில் ஒப்புவித்தல், கடிதத்திற்கு ஓர் ஏடு என்று பிரித்தல், நாள் குறித்த படிகளை வைத்தல் என்னும் மூன்றும் கைக்கொள்ளத்தக்கன.

இவற்றைக் கணினி வல்லுநர்க்கே உரியன என்று தமிழ்த்துறையினர் ஒதுக்குதல் கூடாது. ஏடு எவ்வாறு எழுதப்பட்டது, எவ்வாறு காக்கப்பட்டது, எங்கே சிதைந்தது என்று அறியாது சுவடிப் பதிப்பில் எவரும் புகுவதில்லை. இன்றைய கள ஆய்வின் ஏடு மின்னஞ்சலாயின் அதற்கும் அவ்வறிவு வேண்டும். சேர்வராயன் மலைக்கு மாணவரை அனுப்பும் முன், அவர் எழுதி அனுப்பப்போகும் கடிதம் எந்தக் கணினியில், எந்த வடிவில், எவர் கையிற் சேரும் என்று துறையில் ஒருவர் கேட்டுத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். முதியவர் ஒருமுறை கூறிய கதையை மறுமுறை கேட்கும் வாய்ப்பு எப்பொழுதும் அமைவதில்லை.